அட்லாண்டிக்கில் பிடிபட்டு சிகாகோ வந்து சேர்ந்த யு-505

கேள்வி: ஐயா, சில ஆண்டுகளுக்கு முன் விசாகப்பட்டினம் போயிருந்தபோது, கடற்கரையில் நிறுத்தி வைத்திருக்கும் ‘குர்சுரா’ நீர்மூழ்கிக் கப்பலுக்குள் ஏறிப் பார்த்தோம். அது நம் கடற்படையில் உழைத்து ஓய்வு பெற்ற கப்பல். இப்போது சிகாகோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்படுகிறேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் நடுக்கடலில் பிடித்த ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அங்கே அருங்காட்சியகத்தில் இருப்பதாகப் பேரன் சொல்கிறான். தண்ணீருக்கடியில் ஒளிந்து திரியும் கப்பலைக் குண்டு போட்டு மூழ்கடிக்கலாம். முழுசாக எப்படிப் பிடித்தார்கள்? உள்ளே இருந்தவர்கள் அதைத் தாங்களே மூழ்கடித்திருக்க மாட்டார்களா? இப்படி ஒரு கப்பலைப் பிடித்துத்தான் ஜெர்மனியின் ரகசியச் சங்கேதத்தை அமெரிக்கர்கள் உடைத்தார்கள் என்று ஒரு சினிமாவில் பார்த்தேன். உண்மையா? பிடிபட்ட மாலுமிகள் என்ன ஆனார்கள்? அங்கே போனால் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

— ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பேரன் சொன்னது சரி. அந்தக் கப்பலின் பெயர் யு-505. 1944 ஜூன் 4ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மேற்கு ஆப்பிரிக்காவின் பிளாங்கோ முனைக்கு அப்பால், கரையிலிருந்து சுமார் 150 மைல் தொலைவில் அமெரிக்கக் கடற்படை அதைப் பிடித்தது. நடுக்கடலில் எதிரியின் போர்க்கப்பல் ஒன்றில் ஏறி அதைத் தன் வசப்படுத்துவது, 1815க்குப் பிறகு அமெரிக்கக் கடற்படைக்கு அதுவே முதல் தடவை.

எப்படிப் பிடித்தார்கள் என்பதற்குச் சுருக்கமான பதில் இது: பிடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே இருந்தவர்கள் அவசரத்தில் வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு வெளியேறினார்கள். மூழ்கிக்கொண்டிருந்த கப்பலுக்குள் சிலர் துணிந்து இறங்கினார்கள். இந்த மூன்றும் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கும். நான்காவதாக ஒன்று உண்டு. என் கணக்கில் அதுதான் பெரியது. பிடித்த பிறகு சுமார் 3,000 பேர், ஏறத்தாழ 11 மாதம், வாய் திறக்காமல் இருந்தார்கள். அந்த மௌனம் இல்லாவிட்டால் யு-505 வெறும் இரும்புக் குவியல்தான்.

முதலில் கப்பலைப் பற்றிச் சொல்கிறேன். ஹாம்பர்க் நகரின் டாய்ச்ச வெர்ஃப்ட் கட்டுமானத் தளத்தில் உருவாகி 1941 ஆகஸ்டில் ஜெர்மன் கடற்படையில் சேர்ந்தது. 9-சி என்ற ரகம். கரையை விட்டு நெடுந்தூரம் போய் வேட்டையாடுவதற்காகவே கட்டப்பட்டது. நீளம் 76.8 மீட்டர். நீங்கள் பார்த்த குர்சுராவின் நீளம் சுமார் 91 மீட்டர். முன்பக்கம் நான்கும் பின்பக்கம் இரண்டுமாக டார்பிடோ ஏவும் குழாய்கள் ஆறு. மொத்தம் 22 டார்பிடோக்களைச் சுமந்து செல்ல முடியும்.

அந்தக் காலத்து நீர்மூழ்கிகள் பெரும்பாலான நேரம் கடல் மட்டத்தில்தான் ஓடின என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே டீசல் என்ஜினில் மணிக்கு 18 கடல் மைல் வேகம் போகும் கப்பல், நீருக்கடியில் பேட்டரியின் தயவில் 7 கடல் மைல்தான் போகும். பேட்டரி தீர்ந்தால் மேலே வந்து டீசலை ஓட்டி மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே வானத்தில் விமானமும் கடலில் சோனார் பொருத்திய காவல் கப்பல்களும் சேர்ந்து துரத்தினால், நீர்மூழ்கி அதிக நேரம் ஒளிந்திருக்க முடியாது.

யு-505 தன் வாழ்நாளில் எட்டுக் கப்பல்களை மூழ்கடித்தது. எல்லாம் முதல் ஓராண்டுக் காலத்துக்குள். அதன் பிறகு அதற்கு நல்ல காலமே இல்லை. 1942 நவம்பரில் டிரினிடாட் தீவுக்கு அருகே ஒரு பிரிட்டிஷ் ஹட்சன் விமானம் மிகத் தாழப் பறந்து வந்து குண்டு போட்டது. அந்த வெடிப்பிலேயே விமானம் நொறுங்கி அதில் இருந்த எல்லாரும் இறந்துபோனார்கள். கப்பல் பெருஞ்சேதத்தோடு பிரான்சிலிருந்த லோரியான் தளத்துக்குத் தட்டுத் தடுமாறித் திரும்பியது. பழுது பார்க்கவே ஆறு மாதம் பிடித்தது. அங்கே ஜெர்மானியர்களின் கட்டாயத்துக்கு வேலை பார்த்த பிரெஞ்சுத் தொழிலாளர்கள், பற்றவைப்புகளைப் பலவீனமாக வைத்தும் எண்ணெய்த் தொட்டியில் துளை போட்டும் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். புறப்படுவதும் கோளாறாகித் திரும்புவதுமாக 1943 கழிந்தது. அந்த அக்டோபரில் எதிரிக் கப்பல்கள் மேலிருந்து குண்டு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கேப்டன் பீட்டர் செஷ் கப்பலுக்குள்ளேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த நிலையிலிருந்த பால் மேயர் பொறுப்பை ஏற்றுக் கப்பலைக் கரை சேர்த்தார். பிறகு வந்த கேப்டன் ஹரால்ட் லாங்கே. இவர் தலைமையில் 1944 மார்ச்சில் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து கிளம்பி, ஆப்பிரிக்கக் கரையோரம் இரை ஒன்றும் சிக்காமல் வீடு திரும்பும் வழியில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

இனி மறுபக்கம். அமெரிக்கக் கடற்படையின் 22.3 என்ற வேட்டைக் குழுவில் ‘குவாடல்கெனால்’ என்ற சிறிய விமானந்தாங்கிக் கப்பலும், பில்ஸ்பரி, ஷாட்டலைன், போப், ஃபிளாஹெர்ட்டி, ஜெங்க்ஸ் என்ற ஐந்து காவல் கப்பல்களும் இருந்தன. தலைவர் கேப்டன் டேனியல் கேலரி. 1944 ஏப்ரலில் இவருடைய குழு யு-515 என்ற நீர்மூழ்கியைத் தாக்கியபோது, அது கடல் மட்டத்துக்கு வந்து, கொஞ்ச நேரம் மிதந்துவிட்டுத்தான் மூழ்கியது. அந்தக் கொஞ்ச நேரம் கேலரியை யோசிக்க வைத்தது. தப்ப வழியில்லாத நீர்மூழ்கிக் கேப்டன் என்ன செய்வார்? ஆட்களைக் காப்பாற்ற மேலே வருவார். தண்ணீரை உள்ளே விட்டுக் கப்பலை மூழ்கடிக்க ஏற்பாடு செய்துவிட்டு எல்லாரும் குதிப்பார்கள். குதிப்பதற்கும் மூழ்குவதற்கும் நடுவே சில நிமிடங்கள் கிடைக்கும். அந்த நிமிடங்களுக்குள் நம் ஆட்கள் உள்ளே இறங்கினால்?

அடுத்த பயணத்துக்கு மே மாதம் நார்ஃபோக்கிலிருந்து புறப்படும்போதே திட்டம் தயார். ஒவ்வொரு கப்பலிலும் எதிரிக் கப்பலில் ஏறுவதற்கென்று ஒரு குழுவைப் பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இழுத்து வரக் கயிறுகளைத் தயாராக வைத்தார்கள். நீர்மூழ்கி மேலே வந்துவிட்டால் உடலைத் துளைக்கும் பெரிய குண்டுகளைப் போடக் கூடாது. மேல்தளத்துக்கு வருபவர்கள் தங்கள் பீரங்கிகளைத் தொடவிடாமல் சிறிய துப்பாக்கிகளால் மட்டும் சுட வேண்டும் என்று முன்னதாகவே பேசிவைத்தார்கள். அந்தப் பகுதி வழியாக ஒரு நீர்மூழ்கி தாய்நாட்டுக்குத் திரும்புகிறது என்ற தகவலும் வாஷிங்டனிலிருந்து வந்திருந்தது.

நாள்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. எரிபொருள் குறைந்துபோய், குழு காசாபிளாங்கா நோக்கித் திரும்பியிருந்த ஞாயிறு காலை. 11 மணி தாண்டிப் பத்து நிமிடம் இருக்கும். ஷாட்டலைனின் சோனாரில் ஒரு எதிரொலி கிடைத்தது. மேலே சுற்றிக்கொண்டிருந்த இரண்டு வைல்ட்கேட் விமானங்களின் ஓட்டிகளுக்குத் தண்ணீருக்குள் கப்பலின் நிழலுருவம் தெரிந்தது. அந்த இடத்தைக் காட்டுவதற்காகக் கடலுக்குள் துப்பாக்கியால் சுட்டார்கள். ஷாட்டலைன் வரிசையாக ஆழ்வெடி குண்டுகளைப் போட்டது. எண்ணெய் மேலே மிதந்து வந்தது. சில நிமிடங்களில் யு-505 தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

உள்ளே விளக்கு அணைந்துவிட்டது. திசை திருப்பும் சுக்கான் ஒரு பக்கமாகச் சிக்கிக்கொண்டது. கப்பல் பிழைக்காது என்று முடிவு செய்து, மேலே போகவும் கைவிடவும் லாங்கே உத்தரவிட்டார். முதலில் வெளியே வந்த அவரே குண்டடி பட்டு விழுந்தார். மற்றவர்கள் கடலில் குதித்தார்கள். ஒருவர் இறந்தார், 58 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். ஆளில்லாத கப்பலோ, என்ஜின் நிற்காமல், சிக்கிய சுக்கானோடு வட்டமடித்துக்கொண்டே இருந்தது.

அந்த வட்டத்துக்குள் படகை விட்டுக் கப்பலைத் துரத்திப் பிடித்தார்கள் பில்ஸ்பரியின் ஆட்கள். லெப்டினன்ட் ஆல்பர்ட் டேவிட் முன்னால் போனார். கூடவே ஆர்தர் நிஸ்பல், ஸ்டான்லி வடோவியாக். கீழே இறங்கும் துவாரத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. துப்பாக்கியோடு யாராவது காத்திருக்கலாம். வெடிக்கு நேரம் குறித்திருக்கலாம். கப்பலே அந்த நிமிடத்தில் மூழ்கிப்போகலாம். மூவரும் இறங்கினார்கள். உள்ளே ஒருவரும் இல்லை. தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

“தாங்களே மூழ்கடித்திருக்க மாட்டார்களா?” என்று கேட்டீர்கள். முயன்றார்கள். கட்டுப்பாட்டு அறையில் கடல்நீர் வடிகட்டி ஒன்றின் மூடியைத் திறந்து விட்டிருந்தார்கள். அதைத் திறந்தது நான்தான் என்று அந்த அறையில் வேலை பார்த்த ஹான்ஸ் கோபலர் பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த அந்த இடத்தை, டேவிட்டுக்குப் பின்னால் வந்த சீனன் லுக்கோசியஸ் என்ற மாலுமி கண்டுபிடித்து, பக்கத்திலேயே கிடந்த மூடியைத் தேடி எடுத்துப் பழையபடி இறுக்கினார். மூடி தூரப் போய் விழுந்திருந்தால் இன்று சிகாகோவில் நீங்கள் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது. கப்பலைத் தகர்க்க வைத்திருந்த வெடிகளுக்கு நேரம் குறிக்க ஜெர்மானியர்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அவற்றின் இணைப்புகளையும் ஏறியவர்கள் துண்டித்தார்கள். கப்பல் எப்படியும் மூழ்கிவிடும் என்று நம்பிப் பாதியில் விட்டதுதான் லாங்கேயின் ஆட்கள் செய்த பிழை. இருட்டில், குண்டு மழையில், கேப்டன் காயப்பட்டு விழுந்த பிறகு நடந்த பிழை அது. அதற்காக அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஏறியதோடு கதை முடியவில்லை. ரேடியோ அறையிலிருந்த சங்கேதப் புத்தகங்களையும், செய்திகளைச் சங்கேதமாக மாற்றும் எனிக்மா இயந்திரங்களையும் கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொடுத்தார்கள். கப்பல் மூழ்கினாலும் இவை மிஞ்ச வேண்டும் என்பது திட்டம். அதற்குள் யு-505இன் பக்கவாட்டுச் சிறகு மோதிக் கிழித்ததில் பில்ஸ்பரிக்கே ஓட்டை விழுந்து தண்ணீர் புகுந்தது. கடைசியில் குவாடல்கெனாலே கயிறு கட்டி இழுத்தது. இரவில் கயிறு அறுந்தது; மறுநாள் மறுபடி கட்டினார்கள்.

இந்த இடத்தில் ஏர்ல் ட்ரோசினோ என்ற பொறியாளரைச் சொல்லாமல் போகக் கூடாது. எண்ணெய்க் கப்பல்களில் வேலை பார்த்து அனுபவப்பட்டவர். நீர்மூழ்கிக்குள் அதற்கு முன் கால் வைத்தவர் இல்லை. தரைத் தகடுகளுக்குக் கீழே எண்ணெயும் தண்ணீரும் கலந்த சகதியில் தவழ்ந்து, ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்த்து எது எங்கே போகிறது என்று கண்டுபிடித்தார். டீசல் என்ஜினைத் தனியே கழற்றிவிட்டால், இழுக்கும் வேகத்தில் சுழலும் விசிறிகள் மின் மோட்டாரைச் சுழற்றும். அந்த மின்சாரம் பேட்டரியில் ஏறும். அதைக் கொண்டு கப்பலின் சொந்த பம்புகளாலேயே தண்ணீரை இறைக்கலாம் என்று அவர் யோசித்தார். அப்படியே செய்தார்கள். கப்பல் நிமிர்ந்தது. பின்னர் ‘அப்னாக்கி’ என்ற இழுவைக் கப்பல் வந்து சேர்ந்து, அட்லாண்டிக்கைக் கடந்து, ஜூன் 19ஆம் தேதி பெர்முடாவில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இவ்வளவு பெரிய வெற்றிக்கு வாஷிங்டனில் கைதட்டல் கிடைத்திருக்கும் என்று நினைப்பீர்கள். கடற்படைத் தளபதி எர்னஸ்ட் கிங் கொதித்துப் போனார். கேலரியை ராணுவ விசாரணைக்கு உட்படுத்தலாமா என்றுகூட யோசித்ததாகச் சொல்லப்படுகிறது. காரணம் இருந்தது. இரண்டு நாள் கழித்து ஜூன் 6ஆம் தேதி நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கவிருந்தன. ஜெர்மன் கடற்படையின் சங்கேதச் செய்திகளை நேச நாடுகள் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தன. கேலரிக்கு இந்த இரண்டுமே தெரியாது. ஒரு நீர்மூழ்கி புத்தகங்களோடு முழுசாகப் பிடிபட்டது என்று பெர்லினுக்குத் தெரிந்தால், ஒரே நாளில் எல்லா முறைகளையும் மாற்றிவிடுவார்கள். மிக முக்கியமான வாரத்தில் நேச நாடுகளின் காது அடைபட்டுப் போகும்.

ஆகவே மௌனம் கட்டளையானது. குழுவிலிருந்த சுமார் 3,000 பேரில் பலர் இருபது வயதைச் சுற்றிய இளைஞர்கள். ஊரில் போய்ச் சொல்ல வாழ்நாளில் இதைவிடப் பெரிய கதை அவர்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. நினைவாக எடுத்து வைத்திருந்த பொருள்களை எல்லாம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் கேலரி. யாரிடமும், வீட்டிலும்கூட, ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார். பேசவில்லை. 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதுவரை ஜெர்மன் கடற்படை யு-505 மூழ்கிவிட்டது என்றே நம்பியது. வீரம் சில நிமிடங்களில் வெளிப்பட்டுவிடும். நாவை அடக்குவது ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்ய வேண்டிய வேலை. அதனால்தான் இதைப் பெரிது என்கிறேன்.

இனி சினிமா. நீங்கள் பார்த்தது 2000இல் வெளிவந்த ‘யு-571’ ஆக இருக்க வேண்டும். அந்தக் கதை கற்பனை. உண்மையான யு-571 ஒருபோதும் பிடிபடவில்லை. 1944 ஜனவரியில் அயர்லாந்துக்கு அப்பால் விமானத் தாக்குதலில் அழிந்தது. எனிக்மாவை உடைத்த பெருமை 1930களிலேயே வழிகாட்டிய போலந்துக் கணித அறிஞர்களுக்கும், பிரிட்டனில் பிளெட்ச்லி பார்க்கில் உழைத்த ஆலன் டூரிங் முதலியோருக்கும் உரியது. கடலில் உயிரைப் பணயம் வைத்தவர்களிலும் பிரிட்டிஷ் மாலுமிகளே முந்தியவர்கள். 1941 மே 9ஆம் தேதி ‘புல்டாக்’ கப்பலின் டேவிட் பாம் என்ற இளம் அதிகாரி யு-110க்குள் இறங்கி எனிக்மாவையும் புத்தகங்களையும் கொண்டுவந்தார். 1942 அக்டோபர் 30ஆம் தேதி மத்தியதரைக் கடலின் கிழக்கே, மூழ்கிக்கொண்டிருந்த யு-559க்குள் ‘பெட்டார்ட்’ கப்பலின் டோனி ஃபாசன், காலின் கிரேசியர் இருவரும் இறங்கிப் புத்தகங்களை வெளியே அனுப்பினார்கள். கப்பல் மூழ்கியபோது இருவரும் அதோடு போனார்கள். 1942 தொடக்கத்தில் நான்கு சக்கர எனிக்மா வந்ததிலிருந்து பத்து மாதம் இருண்டு கிடந்த பிளெட்ச்லி பார்க்குக்கு, அந்த இருவர் தந்த புத்தகங்களால்தான் மறுபடி வழி பிறந்தது.

அப்படியானால் யு-505 தந்தது என்ன? எனிக்மா இயந்திரத்தைப் பூட்டு என்று வைத்துக்கொண்டால், அதற்குச் சாவி நாளுக்கு நாள் மாறும். 1944இல் நேச நாடுகள் அந்தச் சாவியை ஒவ்வொரு முறையும் பெரிய கணக்கு இயந்திரங்களை ஓட்டித் தேடிக்கொண்டிருந்தன. யு-505இல் கிடைத்தது அப்போது நடப்பில் இருந்த சாவிகளின் அட்டவணை. தேடாமலே பூட்டைத் திறக்க முடிந்ததால், அந்த இயந்திரங்களை வேறு சங்கேதங்களுக்குத் திருப்ப முடிந்தது. இரண்டாவதாக, ஜெர்மானியர்கள் கடலைக் கட்டங்களாகப் பிரித்து, செய்தியில் கட்டத்தின் எண்ணையும் தனியாக மறைத்து எழுதுவார்கள். செய்தியைப் படித்தாலும் எந்த இடம் என்பது சந்தேகமாகவே இருக்கும். அந்த மறைப்பை விலக்கும் புத்தகமும் இதில் சிக்கியது. மூன்றாவதாக, கப்பல் விசிறியின் ஓசையைக் கேட்டுத் தேடிப் போகும் டி-5 ரக டார்பிடோக்கள் கிடைத்தன. அவற்றைப் பிரித்துப் பார்த்துத் தற்காப்பைச் சீர்செய்ய முடிந்தது. போரின் முடிவை யு-505 மாற்றியது என்று சொன்னால் அது மிகை. வெல்லும் பக்கத்தின் வேலையை எளிதாக்கியது; அதனால் பல கப்பல்கள் பிழைத்தன. அந்த அளவில் சொல்வதே நியாயம்.

பிடிபட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பலர் கேட்காமல் விடும் கேள்வி இது. 58 பேரையும் லூசியானா மாநிலத்தின் ரஸ்டன் முகாமில் மற்றக் கைதிகளிடமிருந்து பிரித்து வைத்தார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தினர் அவர்களைப் பார்க்க அனுமதியில்லை. கடிதம் எழுத முடியாது. ஊரில் அவர்களுடைய குடும்பங்களுக்கு இறந்துவிட்டார்கள் என்றே செய்தி போனது. போர்க் கைதிகள் உயிரோடு இருப்பதை அவர்களுடைய நாட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1929 ஜெனீவா உடன்படிக்கை. அதை அமெரிக்கா இங்கே மீறியது. நார்மண்டிக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான உயிர்கள் ஊசலாடிய நேரத்தில் எடுத்த முடிவு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மகன் போய்விட்டான் என்று ஒரு தாய் அழுததற்கு அது ஈடாகாது. எந்தப் பக்கத்துத் தாயாக இருந்தாலும் இதுதான் என் கருத்து. கடைசியாக இருந்தவர்கள் 1947இல்தான் வீடு திரும்பினார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெர்மன் நீர்மூழ்கிகளில் பணியாற்றிய ஏறத்தாழ 40,000 பேரில் சுமார் 30,000 பேர் திரும்பவில்லை. பிடிபட்டதால்தான் யு-505இன் ஆட்கள் பிழைத்தார்கள். அவர்கள் வேட்டையாடிய வணிகக் கப்பல்களிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். பிரிட்டிஷ் கப்பல்களில் நெருப்பறையிலும் சமையலறையிலும் உழைத்த இந்தியத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கானோரும் அந்தப் போரில் உயிரிழந்தார்கள். காட்சிப் பொருளைப் பார்க்கும்போது இந்த இரண்டு கணக்கும் நம் மனதில் இருக்க வேண்டும்.

வீரர்களின் கதையையும் முடித்துவிடுகிறேன். டேவிட்டுக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் அறிவிக்கப்பட்டது. அட்லாண்டிக் கடற்படையில் அந்தப் போரில் அதைப் பெற்றவர் அவர் ஒருவரே. கையில் வாங்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1945 செப்டம்பரில் மாரடைப்பால் இறந்தார். அடுத்த மாதம் அதிபர் ட்ரூமன் அதை அவர் மனைவியிடம் கொடுத்தார். நிஸ்பலுக்கும் வடோவியாக்குக்கும் நேவி கிராஸ் என்ற பதக்கம் கிடைத்தது.

ஐரோப்பாவில் போர் முடிந்ததும் போர்க் கடன் பத்திரம் விற்கும் பிரசாரத்துக்காக யு-505ஐ ஊர் ஊராகத் துறைமுகங்களில் காட்டினார்கள். பிறகு போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தில் துருப்பிடிக்க விட்டுவிட்டார்கள். சுட்டுப் பழகும் இலக்காக்கி மூழ்கடித்துவிடலாம் என்ற பேச்சும் வந்தது. கேலரி சிகாகோக்காரர். அங்கே பாதிரியாராக இருந்த அவருடைய தம்பி ஜான் கேலரி, அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தின் தலைவர் லெனாக்ஸ் லோரிடம் பேசினார். நீர்மூழ்கி ஒன்று வேண்டும் என்று அவர்களும் வெகுநாளாக நினைத்திருந்தார்கள். நகர மக்களிடம் சுமார் 2,50,000 டாலர் திரட்டினார்கள். 1954 கோடையில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வழியாகவும் பெரிய ஏரிகளின் வழியாகவும் இழுத்து வந்து, செப்டம்பர் தொடக்கத்தில் ஓர் இரவு போக்குவரத்தை நிறுத்திவிட்டு, ஏரிக்கரைச் சாலையின் குறுக்கே உருட்டிக் கொண்டுபோய் அருங்காட்சியகத்தின் பக்கத்தில் வைத்தார்கள். செப்டம்பர் 25ஆம் தேதி, அட்லாண்டிக்கில் உயிர்நீத்த மாலுமிகளின் நினைவுச் சின்னமாக அது அர்ப்பணிக்கப்பட்டது. காணாமல் போயிருந்த உதிரிப் பாகங்களைக் கேட்டு எழுதியபோது, அவற்றைத் தயாரித்த ஜெர்மன் நிறுவனங்கள் இலவசமாகவே அனுப்பி வைத்தன. 1989இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்தார்கள்.

ஐம்பது ஆண்டு வெயிலிலும் பனியிலும் திறந்தவெளியில் நின்று இரும்பு அரித்துவிட்டது. சிகாகோ அதை அப்படியே விட்டுவிடவில்லை. தரைக்குக் கீழே பெரிய கூடம் கட்டி, 2004 ஏப்ரலில் கப்பலை நகர்த்தி அதற்குள் இறக்கி, பழுது பார்த்து, 2005 ஜூனில் மக்களுக்குத் திறந்தார்கள். மொத்தச் செலவு சுமார் 3.5 கோடி டாலர். பழையதைக் காப்பது எப்படி என்பதற்கு இது நாம் பார்த்துக் கற்க வேண்டிய பாடம்.

நீங்கள் போகும்போது ஜாக்சன் பூங்காவில் அந்தக் கட்டடத்தையும் நின்று பாருங்கள். 1893 உலகக் கண்காட்சிக்காக, கலை மாளிகையாகக் கட்டியது அது. விவேகானந்தர் பேசிய சர்வ சமய மாநாடு அந்தக் கண்காட்சியை ஒட்டித்தான் நகரின் வேறொரு பகுதியில் நடந்தது. 2024 முதல் அருங்காட்சியகம் கிரிஃபின் என்ற பெயரைத் தாங்கியிருக்கிறது. கப்பலுக்குள் போவதற்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டியிருக்கும். மகளை முன்கூட்டியே விசாரித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். முழங்கால் வலி இருந்தால் உள்ளே குறுகிய வழிகளில் குனிந்து நடப்பது சிரமம். வெளியிலிருந்தே சுற்றிப் பார்த்தாலும் குறையில்லை.

உள்ளே போனால் மூன்று இடங்களில் நில்லுங்கள். கேப்டனின் படுக்கைக்கு எதிரே இருக்கும் சிறிய ரேடியோ அறை முதலாவது. சங்கேதப் புத்தகங்கள் இருந்தது அங்கேதான். கட்டுப்பாட்டு அறை அடுத்தது. லுக்கோசியஸ் மூடியை இறுக்கியதும், செஷ் முடிந்துபோனதும் அங்கேதான். மூன்றாவது முன்பக்க டார்பிடோ அறை. டார்பிடோக்களோடு ஒரே அறையில் மாலுமிகள் மாதக்கணக்கில் முறைவைத்துத் தூங்கியதை அங்கே பார்த்தால்தான் நம்ப முடியும். வெளிக்கூடத்தில் எனிக்மா இயந்திரங்களும் டி-5 டார்பிடோவும் இருக்கின்றன.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மன் நீர்மூழ்கிகள் உலகத்தில் நான்கு இடங்களில்தான் காட்சிக்கு மிஞ்சியிருக்கின்றன: ஜெர்மனியில் லாபோ, பிரெமர்ஹாஃபன், இங்கிலாந்தில் பர்க்கன்ஹெட், அமெரிக்காவில் சிகாகோ. இவற்றில் போரின் நடுவே எதிரி ஏறிப் பிடித்தது யு-505 ஒன்றுதான். பேரனையும் கட்டாயம் அழைத்துக்கொண்டு போங்கள். கீழே இறங்கிய டேவிட், நிஸ்பல், வடோவியாக் பெயர்களை அவனுக்குச் சொல்லுங்கள். வாய் திறக்காத 3,000 பேரைச் சொல்லுங்கள். செத்துவிட்டதாக நினைத்து அழுத 58 ஜெர்மன் குடும்பங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்றையும் தெரிந்துகொண்டால்தான் அந்தக் கப்பலின் வரலாறு அவனுக்கு முழுமையாகும்.